ஹீரோவ விடுங்க, வந்துட்டுப் போறவன் பின்னாடி போங்க: பழைய அமெரிக்க சீரியல் பாக்குறது எப்படி

ஏப்ரல் 15 வந்துட்டா 61 நாளு தடைக்காலம், மண்டபம் பாம்பன் ராமேஸ்வரம்னு எல்லாப் பக்கமும் விசைப்படகு கட்டிக் கெடக்கும், வலை வேலை, எஞ்சின் வேலை போக மிச்ச நேரம் பூரா கையில போன்தான். என்னத்தப் பாக்குறதுன்னு கேக்குற பசங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், 1950கள்லயும் 60கள்லயும் வந்த அமெரிக்க டிவி சீரியலப் பாருங்கடா. சொன்னவுடனே கன்ஸ்மோக்குங்குற கௌபாய் சீரியலோட முதல் எபிசோடப் போட்டு, ரெண்டு மூணு பாத்துட்டு, "மாமா ஒரே மாதிரி இருக்கு, தூக்கம் வருது"ன்னு வந்து நிப்பாங்க. தூக்கம் வரத்தான் செய்யும். 1955ல ஆரம்பிச்சு 1975 வரைக்கும் ஓடுன சீரியல் அது, 20 சீசன், 635 எபிசோட், அத ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையா பாக்குறவன் ரெண்டு தடைக்காலம் சேந்தாலும் முடிக்க மாட்டான். அதனால எப்படிப் பாக்கணும்னு ஒரு தடவ வெவரமா எழுதிப் போட்டுர்றேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதயே அனுப்பிக்கிறேன்.

முதல்ல ஒண்ணப் புரிஞ்சுக்கணும். அந்தக் கால சீரியல்ல ஹீரோவுக்கு ஒண்ணுமே நடக்காது. நடக்கவும் கூடாது. கன்ஸ்மோக்ல ஹீரோ மார்ஷல் மேட் டில்லன், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, அடுத்த வாரமும் அதே டாட்ஜ் சிட்டில அதே தொப்பியோட நிக்கணும், கல்யாணம் ஆவக்கூடாது, சாவக்கூடாது, மனசு மாறக்கூடாது. ஒரு வாரம் விட்டுப் பாக்குறவனுக்கும் வெளங்கணும்ல, அப்ப வீட்டுல ரெக்கார்ட் பண்ணி வச்சுப் பாக்குற வசதி எதுவும் கெடையாது, விட்டா விட்டதுதான். அப்போ கதை யாருக்குத்தான் நடக்கும்? அந்த ஒரு வாரம் மட்டும் குதிரையில வந்து எறங்கி, ஒரு தப்பப் பண்ணி, அழுது, சுட்டு, சுடப்பட்டு, போய்ச் சேருற ஆளுக்கு. நடிக்கிறதுக்குத் தீனி பூரா அவனுக்குத்தான். வேகன் ட்ரெயின்னு 1957ல இருந்து 65 வரைக்கும் வந்த சீரியல்ல இத ஒளிக்கவே இல்ல, எபிசோட் பேரே 'தி வில்லி மோரன் ஸ்டோரி'ன்னு வந்துட்டுப் போற பாத்திரத்தோட பேர்லதான் இருக்கும், அதான் முதல் எபிசோட், வில்லி மோரனா வந்தது எர்னஸ்ட் போர்க்னைன். தி ஃப்யூஜிடிவ்ல டேவிட் ஜான்சன் ஊரு ஊரா ஓடுவாரு, ரூட் 66ல ரெண்டு பேரு கார எடுத்துக்கிட்டு சுத்துவானுங்க, ஆனா போற ஊர்ல எவன் இருக்கானோ அவன் கதைதான் கதை.

அதனால சீரியலப் புடிக்காதீங்க, ஒரு ஆளப் புடிங்க. ஒரே ஒரு மூஞ்சி. அந்த மூஞ்சி எந்த சீரியல்ல எந்த எபிசோட்ல வருதோ அது பின்னாடியே போங்க. நம்ம பழைய படத்துல டி.எஸ்.பாலையா வர்ற சீனுன்னா உக்காந்து பாப்போம்ல, படம் என்ன படம்னு கூட கவலப்பட மாட்டோம், அதே புத்தியத்தான் இங்கயும் வச்சுக்கணும்.

சரி, யாரப் புடிக்கிறது? இதுக்கு நல்ல வாசல் ஒண்ணு இருக்கு. 1957ல வந்த 12 ஆங்ரி மென் படம் நெறைய பேரு பாத்துருப்பீங்க, ஒரு ரூமுக்குள்ள 12 ஜூரி உக்காந்து வாதாடுற படம். அதுவே 1954ல ஸ்டுடியோ ஒன்னுங்குற டிவி நிகழ்ச்சில நேரலை நாடகமா வந்த கததான். அதுல ஹீரோ ஹென்றி ஃபோண்டாவ ஒதுக்கி வச்சுட்டு மிச்ச 11 பேர்ல உங்களுக்கு மனசுல நின்ன ஒருத்தர எடுங்க, ஏன்னா அதுல பாதிக்கு மேல டிவில விருந்தாளியா சுத்துன ஆளுங்கதான். மெல்லிசு குரல்ல பயந்து பயந்து பேசுவாரே ரெண்டாம் நம்பர் ஜூரி, அவரு ஜான் ஃபீட்லர், அந்தக் குரலத்தான் பின்னாடி டிஸ்னியோட வின்னி த பூ கார்ட்டூன்ல பிக்லெட் பன்னிக்குட்டிக்குக் குடுத்தாரு, அதே பூனக்குட்டி மாதிரி மனுசன 1967ல ஸ்டார் ட்ரெக்குங்குற விண்வெளி சீரியல்ல 'வுல்ஃப் இன் த ஃபோல்ட்' எபிசோட்ல பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல, பாத்துட்டு வாங்க. பேஸ்பால் டிக்கெட்ட வச்சுக்கிட்டு சீக்கிரம் முடிங்கடான்னு அவசரப்படுற ஏழாம் நம்பர் ஜாக் வார்டன், அவரு 1959ல ட்விலைட் ஸோன்னு வாரம் ஒரு தனி மாயக்கதயா வந்த சீரியல்ல, 'தி லோன்லி' எபிசோட்ல ஆளே இல்லாத ஒரு சிறுகோள்ல தனியா கெடக்குற கைதி.

எனக்கு புடிச்சது அஞ்சாம் நம்பர், ஜாக் க்ளுக்மன். ட்விலைட் ஸோன் 1959ல இருந்து 64 வரைக்கும் 156 எபிசோட் வந்துச்சு, அதுல இவரு நாலு. 'எ பாஸேஜ் ஃபார் ட்ரம்பெட்'ல குடிச்சுக் கெட்டுப் போன ட்ரம்பெட்காரன், 'எ கேம் ஆஃப் பூல்'ல ஜெயிச்சே ஆவணும்னு வெறி புடிச்ச பூல் ஆட்டக்காரன், 'டெத் ஷிப்'ல பிடிவாதக்கார விண்வெளிக் கப்பல் கேப்டன், 'இன் ப்ரெய்ஸ் ஆஃப் பிப்'ல மகன் வியட்நாம்ல குண்டடிபட்டுக் கெடக்கான்னு கேள்விப்பட்ட தகப்பன். நாலையும் ஒரே ராத்திரில வரிசையா பாருங்க, நாலு பேருமே தோத்தவன்தான், ஆனா ஒவ்வொருத்தனும் தோக்குற தினுசு வேற வேற. அதே சீரியல்ல பர்ஜஸ் மெரிடித்துக்கும் நாலு எபிசோட் இருக்கு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பேங்க் கிளார்க்கா வர்ற 'டைம் எனஃப் அட் லாஸ்ட்'ல ஆரம்பிங்க, அப்புறம் 1966 பேட்மேன் சீரியல்ல பெங்குவினா வந்து குவாக் குவாக்னு கத்துறதப் பாருங்க, ரெண்டும் ஒரே தொண்டைதானான்னு சந்தேகம் வரும்.

ஆள எடுத்தாச்சுன்னா ஐஎம்டிபின்னு சினிமா, டிவி வெவரம் பூரா இருக்குற வெப்சைட்ல அவரு பேரப் போடுங்க. பட்டியல் கடல் மாதிரி நீளும், மெரளாதீங்க. சீரியல் பேருக்குக் கீழ எத்தன எபிசோட், என்ன பாத்திரம்னு இருக்கும், அதத் தட்டுனா எபிசோட் பேரு வருசத்தோட விரியும். இதுல ஒரு சூட்சுமம், ஒரே சீரியல்ல நாலஞ்சு எபிசோட் இருந்து ஒவ்வொண்ணுக்கும் பாத்திரத்தோட பேரு வேற வேறயா இருந்தா அதான் நமக்கு வேணும். ஒரே பேரு நூறு எபிசோட் இருந்தா அவரு அங்க சம்பளக்காரரு, விருந்தாளி இல்ல, அத அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டு நடிகருங்க சேந்து வந்தது எதெதுன்னு தேடவும் அதுல வழி இருக்கு, விரிவான தேடல்ல ரெண்டு பேரையும் போடணும், அவ்ளோதான்.

எங்க கெடைக்கும்னு கேட்டா, யூடியூப்ல முறைப்படி போட்டுருக்குற சேனல் இருக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல காப்புரிமை புதுப்பிக்காம விட்டுப்போன பழசுங்க இருக்கு, போனான்சாங்குற இன்னொரு கௌபாய் சீரியலோட ஆரம்ப கால எபிசோட் சிலது அப்படிக் கெடைக்குறதுதான். கன்ஸ்மோக்ல முதல் ஆறு சீசனும் அரை மணி நேர எபிசோட், அத மறு ஒளிபரப்புல மார்ஷல் டில்லன்னு பேர மாத்தி வித்தாங்க, அதனால ஒரு பேர்ல தேடி வரலன்னா இன்னொரு பேர்ல தேடுங்க. அப்புறம் முக்கியமா ஓடுற நேரத்தப் பாருங்க. 60கள்ல ஒரு மணி நேர எபிசோடுன்னா விளம்பரம் போக 50 நிமிசம் வாக்குல இருக்கும், நீங்க எடுத்தது 43, 44 நிமிசம்னு காட்டுனா பிற்காலத்துல விளம்பரத்துக்கு எடம் பண்ண வெட்டுன பிரதி அது. வெட்டும்போது ஹீரோ சீன எவனும் வெட்ட மாட்டான், நம்ம ஆளு தனியா உக்காந்து பொலம்புற சீனத்தான் வெட்டுவான், அதனால முழு பிரதி கெடைக்குற வரைக்கும் தேடுங்க. பகல்ல நெட்டு இழுக்காது, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எறக்கி வச்சுக்கிட்டா நிம்மதி.

கடைசில பேரு ஓடும்போது அடுத்த எபிசோடுக்கு தாவிறாதீங்க, அங்கதான் சரக்கே இருக்கு. ஆரம்பத்துல பெருசா பேரு போடுறது விலை ஒசந்த ஆளுங்களுக்கு, கடைசில வேகமா ஓடுற பட்டியல்லதான் நமக்கு வேண்டியவங்க இருப்பாங்க, நிறுத்தி நிறுத்தி படிங்க, அடுத்து யார் பின்னாடி போவணும்ங்குறது அதுலயே கெடைச்சுரும். சின்ன வேசத்துக்கு பேரே போடாம விட்டதும் உண்டு, அதுக்கு மூஞ்சியத்தான் நம்பணும்.

மூஞ்சியும் ஏமாத்தும். தாடி, மீசை, விக்கு, தொப்பி, வெஸ்டர்ன்னா, அதாவது கௌபாய் கதன்னா, மேல அப்புன புழுதி வேற. அதனால மாறாத எடத்தப் பாருங்க, காது, கை, நடை, எல்லாத்துக்கும் மேல குரல். எஞ்சின் சத்தத்த வச்சே வர்றது யார் போட்டுன்னு சொல்ற ஊர்க்காரங்களுக்கு இது ஒரு வேலையே இல்ல. கீழக்கரைல எனக்குத் தெரிஞ்ச காக்கா (அண்ணன்) ஒருத்தரு, சிலோன் ரேடியோ கேட்டு வளந்தவரு, இங்கிலீஷ் சுத்தமா வராது, அடுத்த ரூம்ல இருந்தே "டேய் இவன் அன்னைக்கு குதிரையத் திருடிட்டு செத்தானே அவன்ல"ன்னு சொல்லுவாரு, பெரும்பாலும் சரியா இருக்கும். இதுல அர்த்தம் இருக்கு, அந்த நடிகருங்கள்ல நெறைய பேரு ரேடியோல இருந்து வந்தவங்கதான். கன்ஸ்மோக்கே 1952ல ரேடியோல ஆரம்பிச்சதுதான், அதுல மேட் டில்லன் குரல் வில்லியம் கான்ராட், டிவிக்கு எடுக்கும்போது ஆளு குண்டா இருக்காருன்னு அவரு போயி ஆறடி ஏழு அங்குலம் ஜேம்ஸ் ஆர்னஸ் வந்தாரு. ஆனா குரலு எங்க போவும், தி ஃப்யூஜிடிவ்ல பின்னணில கத சொல்ற குரலு கான்ராடோடதுதான். ரேடியோல டாக்டரா பேசுன ஹோவர்ட் மக்நியர் டிவில வேற ஊருக்குப் போயி ஆண்டி கிரிஃபித் ஷோல ஃப்ளாய்டுங்குற முடிவெட்டுறவரா ஆனாரு. ஜான் டேனர்னு ஒருத்தரு, ஹாவ் கன் வில் ட்ராவல் ரேடியோல ஹீரோ பாலடினே அவர்தான், டிவில அந்த ஹீரோ வேற ஆளு, இவரு சீரியல் சீரியலா எமகாதகனா வந்துட்டுப் போனாரு. மூஞ்சிலயே கண்டுபுடிக்கணும்னா ஜாக் ஈலம், சின்ன வயசுல பென்சில் குத்தி இடது கண்ணு போச்சு, அந்தக் கண்ணு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே நிக்கும், அத வச்சே வில்லன் வேசத்துல வருசக்கணக்கா பொழச்சாரு.

இப்ப வெஸ்டர்ன் ருசி கண்டவங்களுக்கு என் பரிந்துரை மோர்கன் உட்வர்ட். கன்ஸ்மோக்ல மட்டும் 19 எபிசோட், 19 தடவையும் டாட்ஜ் சிட்டிக்குள்ள புது ஆளா வருவாரு, ஒரு பயலுக்கும் அடையாளம் தெரியாது, மார்ஷலுக்கே தெரியாது, போன வருசம் இவனத்தானய்யா சுட்டேன்னு கேக்க மாட்டாரு. கேலி பண்ணாதீங்க, அன்னைக்கு ஜனங்க சின்ன டிவில ஒரு தடவதான் பாத்தாங்க, மறுபடி வர்றதுக்குள்ள மாசக்கணக்காயிரும். நாமதான் வரிசையா பாக்குறோம், அதனால நமக்குத்தான் உறுத்தும், ஆனா அந்த உறுத்தல்லதான் ருசியே, ஒரே ஆளு ஒரே தெருவுல ஒரு தடவ நல்லவனா ஒரு தடவ பைத்தியமா எப்படி மாறுறான்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். இவரு ஸ்டார் ட்ரெக்லயும் ரெண்டு தடவ வந்தாரு, 1966ல 'டாகர் ஆஃப் த மைண்ட்'ல மூளை கலங்கிப்போன டாக்டரு, 1968ல 'தி ஒமேகா க்ளோரி'ல புத்தி கெட்டுப்போன கேப்டன். நடுவுல 1967ல கூல் ஹாண்ட் லூக் படத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு வார்த்த பேசாம நிக்கிற காவக்காரன். ஒரு மணி நேர ஸ்டார் ட்ரெக் எபிசோட ஆறு நாள்ல எடுக்கணும்னு கணக்கு வச்சிருந்தாங்க, அதுக்குள்ள வசனம் படிச்சு, பாத்திரத்தப் புடிச்சு, அழுது காட்டிட்டுப் போவணும், வேலன்னா அது வேல.

மார்க் லெனர்டையும் இதே மாதிரி பாக்கணும். ஸ்டார் ட்ரெக்ல 1966ல ரோமுலன் கப்பல் தலைவன், அதாவது எதிரி, அடுத்த வருசமே வல்கன் இனத்துல, கதாநாயகர்கள்ல ஒருத்தரான ஸ்பாக்கோட அப்பா சாரக், 1979ல வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்துல க்ளிங்கான், அது இன்னொரு எதிரி இனம். மூணு இனத்துலயும் நடிச்சு முடிச்சுட்டாரு.

நோட்டு ஒண்ணு போட்டுக்கங்க, போன்ல எழுதுனாலும் சரி. சீரியல், எபிசோட், வருசம், என்ன வேசம், செத்தாரா பொழச்சாரா. இந்தக் கடைசிய விடாம எழுதுங்க, கொஞ்ச நாள்ல தெரியும், ஒரு ஆளு எளவட்டமா இருக்குறப்ப எபிசோட் பாதிலயே சாவாரு, வயசு ஏற ஏற கடைசி சீன் வரைக்கும் இருப்பாரு, அப்புறம் நல்லவனா ஆயி ஏதாச்சும் ஒரு சீரியல்ல தாத்தாவா நிரந்தரமா உக்காந்துருவாரு. டென்வர் பைல் அப்படித்தான், வெஸ்டர்ன் பூரா சுத்திட்டு கடைசில ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்ல அங்கிள் ஜெஸி. விக்டர் ஃப்ரெஞ்ச் கன்ஸ்மோக்ல பொல்லாதவனா வந்து வந்து, லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரில ஊரே கொண்டாடுற மிஸ்டர் எட்வர்ட்ஸ் ஆயிட்டாரு. வருசம் தெரியலன்னா கலர வச்சு உத்தேசமா சொல்லலாம், கன்ஸ்மோக் கலருக்கு மாறுனது 1966ல, அந்த வருசத்துலதான் மூணு பெரிய சேனலும் ராத்திரி நிகழ்ச்சி பூரா கலராக்குனாங்க, போனான்சா மட்டும் 1959லயே கலர்லதான் பொறந்துச்சு.

பாஷை பயமா இருந்தா வெஸ்டர்ன்ல ஆரம்பிக்காதீங்க, அவங்க வாயில புகையில வச்சுக்கிட்டுப் பேசுவாங்க, தானா வர்ற சப்டைட்டிலும் கண்டபடி எழுதும். பெர்ரி மேசன்ல ஆரம்பிங்க, 1957ல இருந்து 66 வரைக்கும், 271 எபிசோட், கோர்ட்டுல நிறுத்தி நிதானமா பேசுற இங்கிலீஷ். ஒவ்வொரு வாரமும் புதுசா ஒரு குத்தவாளிக் கூண்டு, ஒரு பொணம், நாலஞ்சு சந்தேகப் பேர்வழி, அத்தன பேரும் விருந்தாளிங்க, நம்ம வேட்டைக்கு இத விட நல்ல எடம் கெடையாது. தெரிஞ்ச மூஞ்சிதான் கொலகாரன்னு முன்னாடியே பந்தயம் கட்டாதீங்க, நமக்கு இன்னைக்குத் தெரிஞ்ச மூஞ்சி அன்னைக்குத் தெரியாத மூஞ்சி, பின்னாடி பெரிய சினிமா ஹீரோ ஆன ராபர்ட் ரெட்ஃபோர்டே 1960ல சின்னப்பயலா வந்துட்டுப் போயிருக்காரு. 1963ல ஹீரோ ரேமண்ட் பர் ஒடம்பு சரியில்லாம படுத்தப்போ அவரு எடத்துல ஒரு எபிசோட் நின்னது பெரிய சினிமா நடிகை பெட்டி டேவிஸ்.

பொம்பள நடிகைங்கள விட்டுறாதீங்க, பட்டியல்ல கீழ தள்ளி வச்சிருப்பாங்க, நடிப்புல தள்ள முடியாது. ஜெனட் நோலன் 1948 மெக்பெத் படத்துல லேடி மெக்பெத், டிவில போனா காட்டுக்குள்ள கெடக்குற கெழவில இருந்து எல்லாம் பண்ணுவாங்க, அவங்க வீட்டுக்காரரு ஜான் மெக்கின்டைரும் அதே தொழில், 1960 நவம்பர்ல வார்ட் பாண்ட் செத்ததும் வேகன் ட்ரெயின்ல வண்டித் தலைவனா வந்தவரு அவர்தான். வெர்ஜீனியா க்ரெக்னு ஒருத்தங்க, சைக்கோ படத்துல அந்த அம்மா குரலு இருக்குல்ல, அதுக்குக் குரல் குடுத்தவங்கள்ல இவங்களும் உண்டு, ட்ராக்நெட்டுங்குற போலீஸ் சீரியல்ல ஒரு வாரம் விதவையா வருவாங்க இன்னொரு வாரம் மோசடிக்காரியா வருவாங்க.

இன்னொண்ணும் கண்ணுல படும், படணும். செவ்விந்தியன், அரபி, இந்தியன், சீனன் வேசத்துக்கெல்லாம் யாரு கெடச்சாலும் சாயத்தப் பூசி நிறுத்திருவானுங்க, பாக்க எரிச்சலாத்தான் இருக்கும். சிரியால பொறந்த மைக்கேல் அன்சாரா ப்ரோக்கன் ஆரோ சீரியல்ல அபாச்சி தலைவன் கொச்சிஸ், ஸ்டார் ட்ரெக்ல க்ளிங்கான் காங், ஐ ட்ரீம் ஆஃப் ஜீனில நீல பூதம். ஆனா மனுசன் எந்த வேசத்தயும் கேலியா பண்ண மாட்டாரு. கறுப்பின நடிகருங்களுக்கு கதையோட நடு எடம் கெடைக்குறது அன்னைக்கு அபூர்வம், அதனாலதான் 1960ல ட்விலைட் ஸோன்ல ஐவன் டிக்ஸன் குத்துச்சண்டக்காரனா வர்ற 'தி பிக் டால் விஷ்' தேடிப் பாக்க வேண்டியது. அப்புறம் ஆபிரகாம் சோஃபர். தேவகோட்டை தொண்டி பக்கம் தாத்தா ரங்கூன்ல கட வச்சிருந்தாருன்னு சொல்லாத வீடு கம்மி, இவரும் ரங்கூன்ல 1896ல பொறந்த யூதரு, லண்டன் நாடகமேடை வழியா ஹாலிவுட் போயி ஜீனில பூதங்களுக்கெல்லாம் தலைவன் ஹாஜியா வந்தாரு, ஸ்டார் ட்ரெக் 'சார்லி எக்ஸ்'ல கடைசியா பையனக் கூட்டிட்டுப் போக காத்துல மெதக்குற தல அவரோடதுதான்.

வயசாயிருச்சு இனிமே என்னத்தன்னு பேசுற ஆளு உங்க வீட்டுல இருந்தா பர்ட் மஸ்டின போட்டுக் காட்டுங்க. 1884ல பொறந்து, வாழ்நாள் பூரா சேல்ஸ்மேனா இருந்துட்டு, 67 வயசுல முதல் படம் நடிச்சு, அதுக்கப்புறம் கால் நூற்றாண்டு டிவில எங்க பாத்தாலும் அவர்தான் தாத்தா.

ஒரு ஆளு முடிஞ்சா அடுத்தவருக்குத் தாவுறது எப்படின்னா, கடைசியா பாத்த எபிசோட்ல நம்ம ஆளக் கொன்னவன் யாரோ அவனப் புடிங்க. ரெண்டு மூணு கொலையில ஸ்ட்ராதர் மார்ட்டின், எல்.க்யூ.ஜோன்ஸ் யாராச்சும் ஒருத்தர் மாட்டுவாரு, ஜோன்ஸுக்கு அது சொந்தப் பேரே இல்ல, 1955ல முதல் படத்துல நடிச்ச பாத்திரத்தோட பேரையே எடுத்து வச்சுக்கிட்டாரு. உட்வர்ட்ல ஆரம்பிக்குறவங்க முதல்ல ஸ்டார் ட்ரெக் ரெண்டையும் பாத்துட்டு கன்ஸ்மோக்குக்கு வாங்க, நோட்டுல எழுதுன பட்டியல எனக்கும் அனுப்புங்க, என்கிட்ட இல்லாத முழு பிரதி எதாச்சும் கெடச்சா லிங்க்கோட அனுப்புங்க.